சிக்னல் இல்லாத ஏரியில் கனூ பயணம்: வானத்தைப் பார்த்து மழையும் காற்றும் கணிப்பது எப்படி?

துடுப்பு_ஓஎம்ஆர் கேட்டது:

வணக்கம். வரும் ஆகஸ்டில் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், அல்கான்குவின் பூங்காவில் ஏழு நாள் கனூ பயணம் போகிறோம். நானும் டொரண்டோவில் இருக்கும் அத்தை மகனும் மட்டும். 16 அடி திறந்த கனூ, அதாவது துடுப்புப் படகு. கூடாரம், ஒரு வாரச் சாப்பாடு எல்லாம் அதிலேயே. ஓபியாங்கோ ஏரி வழியாக உள்ளே போவதாகத் திட்டம். உள்ளே போன பிறகு போன் சிக்னலை மறந்துவிட வேண்டியதுதான் என்கிறார்கள்.

முட்டுக்காடு, கோவளம் பக்கம் கயாக் ஓட்டிப் பழக்கம் உண்டு. ஆனால் வானிலை என்றால் கிளம்பும் முன் போனில் ரேடார் படம் பார்ப்பதோடு சரி. எந்த அறிகுறியை நம்பி முடிவெடுக்கலாம்? செவ்வானம், நிலா வட்டம், தட்டான், எறும்பு என்று பாட்டி சொன்னதெல்லாம் அங்கே செல்லுமா? ஏரி நடுவில் இடி கேட்டால் என்ன செய்வது? இன்னும் மூன்று மாதம் இருக்கிறது, சென்னையிலேயே பழக முடியுமா?

ஏரிக்காற்று பதில்:

முதலில் ஒரு அடிப்படை. ஒன்டாரியோவில் வானிலை பெரும்பாலும் மேற்கிலிருந்து கிழக்கே நகரும். சென்னைக்கு அப்படி ஒரே திசை கிடையாது. ஆனி, ஆடியில் இடிமழை மேற்கிலிருந்து வரும். ஐப்பசி, கார்த்திகையில் கடலிலிருந்து வரும். ஓர் அறிகுறி செல்லுமா செல்லாதா என்பது இந்தத் திசையைப் பொறுத்தது. சாயங்காலச் செவ்வானத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். சூரியன் மறையும் பக்கம் நெடுந்தூரத்துக்கு மேகமில்லை என்பதுதான் அதற்கு அர்த்தம். நாளைய வானிலை மேற்கிலிருந்து வரும் ஊரில் அது நல்ல சேதி. கிழக்கிலிருந்து மழை வரும் கார்த்திகை மாதச் சென்னையில் அதற்கு மதிப்பில்லை. அங்கேயும் ஒரு சிக்கல் உண்டு: ஆகஸ்டில் காட்டுத்தீப் புகை ஒன்டாரியோ வானத்தில் பரவியிருந்தால் தினமும் சூரியன் குங்குமமாகத்தான் இறங்கும். புகை இருக்கும் நாளில் நிறத்தைப் பார்த்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

அடைமழை வரப்போகிறது என்றால் அங்கே வானம் ஒரு நாள் முன்பே, சில சமயம் அதற்கும் முன்பே காட்டிக்கொடுக்கும். முதலில் மிக உயரத்தில் வெள்ளைக் கீற்று மேகம். அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிக் கிடந்தால் பொருட்படுத்த வேண்டாம். மேற்கிலிருந்து வரிசையாக ஏறி வந்து, வானம் மெல்லப் பால் கலந்த தண்ணீர் மாதிரி ஆனால்தான் கவனிக்க வேண்டும். அந்தப் படலத்தில்தான் சூரியனையோ நிலாவையோ சுற்றிப் பெரிய வட்டம் விழும். பிறகு மேகம் தடித்துச் சாம்பலாகும். சூரியன் மல் துணிக்குப் பின்னால் வைத்த விளக்கு மாதிரி மங்கலாகத் தெரியும், ஆனால் தரையில் உங்கள் நிழல் விழாது. நிழல் போய்விட்டது, காற்றும் கிழக்கு அல்லது தென்கிழக்குக்குத் திரும்பிவிட்டது என்றால் அடுத்த முகாமுக்கு ஓடாதீர்கள். இருக்கிற இடத்தில் தார்ப்பாய் கட்டி, விறகை அதன் அடியில் சேர்த்துவிடுங்கள்.

மழை நின்று, காற்று தென்மேற்காகி, புழுக்கம் கூடினால் முடிந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். அதற்குப் பின்னால் குளிர்ந்த காற்றின் முகப்பு இடியோடு வரும். அது தாண்டியதும் காற்று வடமேற்குக்கு மாறும். வானம் துடைத்துவிட்ட மாதிரி நீலமாகும். பலர் ஏமாறுவது இங்கேதான். வானம் தெளிந்த அந்த நாளில் வடமேற்குக் காற்று பகல் முழுக்க வீச்சு வீச்சாக அடிக்கும். ஓபியாங்கோ அல்கான்குவினிலேயே பெரிய ஏரி, மூன்று கைகளாக விரிந்து கிடப்பது. காற்று தடையில்லாமல் சில கிலோமீட்டர் தண்ணீர் மேல் ஓடி வந்தால் அலை எவ்வளவு எழும்பும் என்பதை முட்டுக்காட்டை வைத்து அளக்க முடியாது. அந்த ஏரியில் மோட்டார் படகில் கனூவோடு ஏற்றிக்கொண்டுபோய் விடும் வாடகைச் சேவை உண்டு. காற்று நாளில் அதற்குக் கொடுக்கும் பணம் வீண் இல்லை.

மேகம் எந்தத் திசையில் நகர்கிறது என்று பார்க்க ஒரு முறை இருக்கிறது. மரத்தில் தலையைச் சாய்த்து அசையாமல் உட்காருங்கள். ஒரு கிளை நுனியை மேகத்தின் ஓரத்தோடு பொருத்தி இரண்டு நிமிடம் பாருங்கள். நடந்துகொண்டே பார்த்தால் கண் ஏமாற்றும். கீழ்மேகம் வேகமாக ஓடினால் மேல்மேகம் எதிர்த்திசையில் போகிற மாதிரியே தெரியும். மேல்மேகத்தின் திசை தெரிந்ததும், தரைக்காற்று முதுகில் படும்படி நின்று, 20, 30 டிகிரி வலப்பக்கம் திரும்புங்கள். தரையில் உராய்ந்து காற்று திரும்பியிருப்பதைச் சரிசெய்யத்தான் இந்தத் திருப்பம். இப்போது மேல்மேகம் உங்கள் இடக்கைப் பக்கத்திலிருந்து வந்தால் நிலைமை கெடப்போகிறது. வலக்கைப் பக்கத்திலிருந்து வந்தால் தெளியப்போகிறது. கீழே தெற்குக் காற்று, மேலே மேகம் மேற்கிலிருந்து என்றால் இடப்பக்கம்; கீழே வடக்குக் காற்று, மேலே அதே மேற்கு என்றால் வலப்பக்கம். தனியாக ஒரே ஒரு அடையாளம்தான் கையில் என்றால் நான் இதைத்தான் எடுப்பேன்.

இனி இடி. கோடைப் பிற்பகல் இடிமழை ஒரு நாள் முன்பே சொல்லிவிட்டு வராது, காலையில்தான் சொல்லும். காலை 10 மணிக்கே பஞ்சு மேகங்கள் அகலத்தைவிட உயரம் அதிகமாகி, தலை காலிஃபிளவர் மாதிரி கொதித்து எழுந்தால் மதியத்துக்கு மேல் தண்ணீரில் இருக்காதீர்கள். தலையின் கூர்மை மழுங்கி நார் நாராக விரிந்தால் அது இடிமேகமாகிவிட்டது. மின்னலிலிருந்து இடி வரை விநாடி எண்ணி 3 ஆல் வகுத்தால் தூரம் கிலோமீட்டரில் கிடைக்கும். 30 விநாடி என்றால் 10 கி.மீ. இடிமழை மணிக்கு 40 முதல் 60 கி.மீ. வரை ஓடும், அதாவது 10 முதல் 15 நிமிடத்தில் தலைக்கு மேல். சுமை ஏற்றிய கனூவை இருவர் வலித்தால் மணிக்கு 5 கி.மீ. போகலாம், 2 கி.மீ. ஏரியைக் கடக்க 24 நிமிடம். கணக்கு உதைக்கிறது பாருங்கள். ஆகவே “இடி கேட்டால் என்ன செய்வது” என்ற கேள்வியைக் கரையிலேயே கேட்டுக்கொள்ள வேண்டும். மேகம் கொதிக்கும் நாளில் கரையிலிருந்து ஐந்து நிமிடத் தூரத்துக்கு மேல் போகாதீர்கள். நேரே குறுக்கே கடப்பதைவிட்டுக் கரையோரமாகச் சுற்றிப் போங்கள். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆகும்வரை தண்ணீரில் இறங்க வேண்டாம்.

காற்றுக்கு எளிய எல்லை: அலைத்தலையில் வெள்ளை நுரை அங்கங்கே தெரிந்தால் காற்று மணிக்கு 12 முதல் 19 கி.மீ.; ஏரி முழுக்க நுரை என்றால் 20 முதல் 28. இரண்டாவது நிலையில் சுமை ஏற்றிய திறந்த கனூவுக்கு அங்கே வேலை இல்லை. சுமை ஏற்றிய பிறகு படகின் விளிம்பு தண்ணீருக்கு மேல் குறைந்தது 15 செ.மீ. இருக்கிறதா என்று கிளம்பும் இடத்திலேயே அளந்துவிடுங்கள். பொதுவாக விடிகாலையில் ஏரி கண்ணாடி மாதிரி கிடக்கும், பிற்பகல் 1 முதல் 4 வரை காற்று உச்சம், சாயங்காலம் அடங்கும். 6 மணிக்கு இறங்கி மதியத்துக்குள் முகாம் போடுகிறவர்களுக்குப் பாதிப் பிரச்சினை வருவதே இல்லை.

கொண்டல்_காசிமேடு பதில்:

மேலே சொன்னதில் அத்தனையும் சரி. சென்னையில் பழகுவதைப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன். ஜூன், ஜூலையில் பழகப்போகிறீர்கள் என்றால் ஒரு பெரிய வித்தியாசத்தைத் தெரிந்துகொண்டு பழகுங்கள். இல்லாவிட்டால் தப்பான பாடத்தை அங்கே கொண்டுபோவீர்கள்.

இடிமேகத்தின் உச்சி பட்டறைக் கல் மாதிரி தட்டையாக விரியும். ஒன்டாரியோவில் மேலே மேற்குக் காற்று என்பதால் அந்தத் தட்டை கிழக்கே நீண்டு, இடிமழைக்கு முன்னால் ஓடி வரும். தட்டை உங்கள் தலைக்கு மேல் நீண்டுவிட்டது என்றால் மழை உங்களை நோக்கி வருகிறது. தென்மேற்குப் பருவத்தில் நம் ஊரில் நிலைமை தலைகீழ். 15 கி.மீ. உயரத்தில் பலமான கிழக்குக் காற்று ஓடும். கீழே மேகத்தை நகர்த்துவதோ மேற்குக் காற்று. அதனால் ராணிப்பேட்டை, திருவள்ளூர் பக்கம் எழும் இடிமேகத்தின் தட்டை மேற்கே பின்னோக்கி நீளும், மழையோ கிழக்கே நம் பக்கம் வரும். தட்டை நம்மைவிட்டு விலகிப் போகிறதே என்று முட்டுக்காட்டில் நிம்மதியாகத் துடுப்பு போட்டுக்கொண்டிருந்தால் மாட்டிக்கொள்வீர்கள். இங்கே தட்டையைப் பார்க்காதீர்கள். மேகத்தின் இருண்ட அடிப்பாகத்தை ஒரு தென்னையோடோ மின்கம்பத்தோடோ பொருத்தி, பத்து நிமிடத்துக்கு ஒரு முறை எவ்வளவு உயர்ந்திருக்கிறது, எந்தப் பக்கம் அகன்றிருக்கிறது என்று பாருங்கள். பக்கவாட்டில் நகராமல் உயரம் மட்டும் கூடினால் உங்களை நோக்கித்தான் வருகிறது. இந்தப் பழக்கம் கனடாவிலும் அப்படியே உதவும்.

அடுத்தது காற்று செத்துப்போவது. மதியம் கடல்காற்று இறங்கி தென்கிழக்கிலிருந்து சீராக அடித்துக்கொண்டிருக்கும். மேற்கே கருத்திருக்கும்போது அந்தக் காற்று திடீரென்று நின்றுபோகும். கொடி துவளும், தண்ணீர் எண்ணெய் மாதிரி வழுவழுப்பாகும், புழுக்கம் அடிக்கும். சில நிமிடத்தில் மேற்கிலிருந்து சில்லென்று ஒரு காற்று, மண்வாசனையோடு. தண்ணீர் மேல் கருப்பாக ஒரு திட்டு உங்களை நோக்கி ஓடி வருவது தெரியும். அந்தக் கருப்பு என்பது நுண்ணிய சுருக்கலை, அதுதான் வீச்சின் முன்வரிசை. மழைத்துளி அதற்குப் பிறகுதான் வரும். முட்டுக்காட்டில் இது கூடுதல் ஆபத்து, ஏனென்றால் மேற்குக் காற்று படகை முகத்துவாரத்துக்கு, அதாவது கடலுக்குத் தள்ளும். காற்று நின்ற அந்த இடைவெளியைக் கரைக்கு வரக் கொடுத்த அவகாசமாக எடுத்துக்கொண்டு மேற்குக் கரையை ஒட்டிவிடுங்கள். காற்று வீசத் தொடங்கிய பிறகு எதிர்த்து வலிக்க முயன்றால் கை ஓயும், படகு நகராது.

பாட்டி சொன்னதற்கு வருகிறேன். “அகல்வட்டம் பகல்மழை” என்பதில் விஷயம் இருக்கிறது. கையை நீட்டி விரல்களை முழுக்க விரித்தால் கட்டைவிரல் நுனியிலிருந்து சுண்டுவிரல் நுனிவரை ஏறக்குறைய 20 டிகிரி. நிலாவின் மேல் கட்டைவிரலை வைத்து, சுண்டுவிரல் வட்டத்தைத் தொட்டால் அது 22 டிகிரி அகல்வட்டம், உயரத்தில் பனித்துகள் படலம் பரவியிருக்கிறது. நிலாவை ஒட்டியே சிவந்த ஓரத்தோடு சின்னதாக இருந்தால் அது நீர்த்திவலை மேகம், அதை வைத்து மழை சொல்ல முடியாது. “அந்தி ஈசல் பூத்தால் அடைமழைக்கு அச்சாரம்” என்பார்கள். ஈசல் மண் நனைந்து காற்று ஈரமாக இருக்கும்போது கிளம்புவது. பெரும்பாலும் பெய்த மழைக்குத்தான் அது சாட்சி. தட்டான் தாழப் பறப்பது அது தின்னும் பூச்சி தாழ இருப்பதால். இவற்றைக் காற்றும் மேகமும் சொன்னதை உறுதிப்படுத்த வைத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

நெய்தல்_துடுப்பு பதில்:

கார்மின் இன்ரீச் மாதிரி செயற்கைக்கோள் கருவி ஒன்றை வாடகைக்கு எடுத்துக்கொண்டால் வானிலைச் செய்தி அதிலேயே வரும். அவசர உதவிக்கும் அது கட்டாயம் வேண்டும். இவ்வளவு மேகம் பார்க்க வேண்டுமா?

ஏரிக்காற்று பதில்:

கண்டிப்பாகக் கொண்டுபோகட்டும், இரண்டு பேர் மட்டும் போகும்போது அது இல்லாமல் கிளம்பவே கூடாது. ஆனால் அதில் வருவது “பிற்பகலில் இடிமழைக்கு வாய்ப்பு” என்ற வரி. நீங்கள் நிற்கும் கரையில் 11.30க்குக் குறுக்கே கடக்கலாமா, காத்திருக்கலாமா என்பதை அந்த வரி சொல்லாது. கருவி நாளைச் சொல்லும், கண் அடுத்த ஒரு மணி நேரத்தைச் சொல்லும்.

துடுப்பு_ஓஎம்ஆர்:

ரொம்ப நன்றி சார், நன்றி அண்ணா. தட்டை மேகம் விஷயம் சத்தியமாகத் தெரியாது. இன்னும் இரண்டு சந்தேகம். என் போனில் காற்றழுத்தமானி இருக்கிறது, சிக்னல் இல்லாமலே வேலை செய்கிறது. நேற்று காலை 10 மணிக்குப் பார்த்ததைவிட மாலை 4 மணிக்கு 3 ஹெக்டோபாஸ்கல் இறங்கியிருந்தது, ஆனால் மழையே இல்லை. கருவி கோளாறா? இரண்டாவது, ராத்திரி தூங்கும்போது புயல்காற்று வந்தால்?

கொண்டல்_காசிமேடு பதில்:

கோளாறு இல்லை தம்பி. வெப்பமண்டலத்தில் காற்றழுத்தம் கடல் ஏற்றவற்றம் மாதிரி தினமும் இரண்டு முறை ஏறி இறங்கும். காலை 10 மணி, இரவு 10 மணி வாக்கில் உச்சம். விடிகாலை 4, மாலை 4 வாக்கில் தாழ்வு. நீங்கள் பார்த்தது அந்தத் தினசரி இறக்கம்தான். அதனால் சென்னையில் நேற்று 4 மணியை இன்று 4 மணியோடு மட்டுமே ஒப்பிட வேண்டும். ஐப்பசிக்குப் பிறகு அப்படி ஒப்பிட்டு 3 ஹெக்டோபாஸ்கலுக்கு மேல் இறங்கியிருந்தால், கடலில் ஏதோ உருவாகிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

அந்த நேரத்தில் காற்றைப் பார்த்தால் இன்னும் தெளிவு. காற்று முதுகில் படும்படி நின்றால் தாழ்வழுத்தம் இடக்கைப் பக்கம். வாடையும் கொண்டலும் கலந்து வடகிழக்கிலிருந்து அடித்தால் மையம் நமக்குத் தென்கிழக்கே கடலில். அது கிழக்குக்குத் திரும்பினால் மையம் நமக்குத் தெற்கே கரையேறுகிறது, 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் மாதிரி. வடக்கு, வடமேற்கு என்று திரும்பினால் நம்மைத் தாண்டி வடக்கே போகிறது, 2023 டிசம்பரில் ஆந்திரக் கரைக்குப் போன மிக்ஜாம் மாதிரி. அது வடக்கே போனதால் மழை குறையும் என்று அர்த்தமில்லை, மிக்ஜாம் தாண்டிப் போகும்போதுதான் சென்னையை மூழ்கடித்தது. அந்தச் சமயங்களில் கயாக்கைக் கழுவி உள்ளே வைத்துவிட்டு, மொட்டை மாடியில் நின்று பழகுங்கள்.

ஏரிக்காற்று பதில்:

அழுத்தமானியில் அல்கான்குவினுக்கு வேறொரு பொறி இருக்கிறது. உயரம் 8 மீட்டர் கூடினாலே 1 ஹெக்டோபாஸ்கல் இறங்கும். ஓர் ஏரியிலிருந்து அடுத்த ஏரிக்குக் கனூவைத் தோளில் சுமந்து 30 மீட்டர் ஏறினால் கருவி கிட்டத்தட்ட 4 இறங்கிக் காட்டும், புயல் வருகிற மாதிரியே இருக்கும். அதனால் முகாம் போட்டதும் ஓர் அளவு, தூங்கும் முன் ஓர் அளவு, எழுந்ததும் ஓர் அளவு என்று ஒரே இடத்தில் எடுத்தவற்றை மட்டும் ஒப்பிடுங்கள். மூன்று மணி நேரமாக மணிக்கு 1 வீதம் இறங்கிக்கொண்டிருந்தால் காலையில் கிளம்பும் நேரத்தைத் தள்ளிப்போட வேண்டியதுதான்.

காலையில் எழுந்ததும் கவிழ்த்து வைத்த கனூவின் முதுகைத் தடவிப் பாருங்கள். பனி நனைந்து கை சொட்டினால் இரவு வானம் தெளிவாக, காற்று அடங்கி இருந்திருக்கிறது. முற்பகல் நன்றாக இருக்க நிறைய வாய்ப்பு. காற்றே இல்லாத இரவுக்குப் பிறகும் முதுகு காய்ந்திருந்தால் மேலே மேகம் மூடியிருந்திருக்கிறது, மேற்கைப் பாருங்கள். ஏரி மேல் மூடுபனி என்றால் பயப்பட வேண்டாம், வெயில் ஏறியதும் போய்விடும். ஆனால் எதிர்க்கரை தெரியும்வரை குறுக்கே கடக்காதீர்கள்.

இரவுக்கு, எல்லாவற்றையும் வெளிச்சம் இருக்கும்போதே செய்துவிட வேண்டும். கூடாரம் போடும் முன் அண்ணாந்து பாருங்கள்: பட்டுப்போன மரம், முறிந்து தொங்கும் கிளை, சாய்ந்த மரம் எதுவும் கூடாரத்தைத் தொடும் தூரத்தில் இருக்கக் கூடாது. 1999 ஜூலை 4 அன்று மினசோட்டாவின் பவுண்டரி வாட்டர்ஸ் கனூப் பகுதியைத் தாக்கிய நேர்க்கோட்டுப் புயல்காற்று காடு காடாக மரங்களைச் சாய்த்தது. அப்படிப்பட்ட காற்றில் ஆபத்து தண்ணீரைவிட மரத்தில் அதிகம். ஏரிக்குள் நீண்ட மொட்டைப் பாறை முனையும், தனித்து நிற்கும் உயரமான மரத்தின் அடியும் மின்னலுக்கு மோசம். ஏறக்குறைய ஒரே உயரத்தில் நிற்கும் சின்ன மரக்கூட்டம், கொஞ்சம் தாழ்ந்த, ஆனால் தண்ணீர் தேங்காத தரை, இதுதான் தேட வேண்டியது.

கனூவைத் தண்ணீரிலிருந்து நன்றாக மேலே தூக்கி, கவிழ்த்து, முன்பக்கக் கயிற்றை ஒரு மரத்திலும் பின்பக்கக் கயிற்றை இன்னொரு மரத்திலும் கட்டுங்கள். கெவ்லர் என்ற இலேசான இழையில் செய்த கனூ என்றால் 20 கிலோ அளவுதான். வீச்சுக்காற்று புரட்டி ஏரியில் போட்டுவிடும். ஒரு முனையை மட்டும் கட்டினால் காற்றில் சுழன்று பாறையில் அடித்து விரிசல் விழும். துடுப்புகளைக் கனூவுக்கு அடியில் செருகுங்கள், உயிர்காப்புச் சட்டையைக் கூடாரத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

துடுப்பு_ஓஎம்ஆர்:

எழுதிக்கொண்டேன். ஜூன் 1 முதல் தினமும் காலை 7, மதியம் 1, மாலை 7 என்று மூன்று வேளை காற்றுத் திசை, மேல்மேகத் திசை, அழுத்தம் குறித்து, என் கணிப்பை எழுதிவிட்டுப் பிறகுதான் ரேடார் படம் பார்க்கலாம் என்று இருக்கிறேன். சரியா?

கொண்டல்_காசிமேடு பதில்:

சரி. கூடவே மேற்குக் காற்று நின்று கடல்காற்று இறங்கும் நிமிடத்தையும் குறியுங்கள். 12 மணிக்குள் இறங்கிய நாளையும் 2 மணி தாண்டியும் இறங்காத நாளையும் தனித்தனியாக வைத்து, அன்றன்று சாயங்காலம் மேற்கே என்ன எழுந்தது என்று பாருங்கள். இரவில் இடி கேட்காமல் மேற்கு அடிவானத்தில் மின்னல் மட்டும் தெரிந்தால் அதன் திசையைத் திசைகாட்டி டிகிரியில் எழுதிவைத்து, அரை மணி கழித்து மறுபடி பாருங்கள். ஜூலை கடைசியில் அந்த நோட்டை இங்கே போடுங்கள், சேர்ந்து பார்க்கலாம்.